முதலிலிருந்து

ஞாயிற்றுக்கிழமை நம் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் கூடுவதற்கான நிகழ்ச்சி நிரலை நம் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். நாலாவது வரியில் என் பெயர். 'மறைந்த தன் தந்தையாரைப் பற்றி இரண்டு வார்த்தை.' போடுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே நம் அட்மின், அதாவது அந்தக் காலத்து எதிர் பிளாக் எமகாதகன், கண்ணடிக்கிற பொம்மை போட்டு எழுதியிருக்கிறான்: 'இன்னா மதிப்பிற்குரிய, இந்த வாட்டியாச்சும் முடிச்சிடுவியா?' அதற்கு உங்களில் பதினேழு பேர் சிரித்திருக்கிறீர்கள். உட்கார்ந்து எண்ணினேன்.

எல்லோரும் அறுபதைத் தொட்டாயிற்று. பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. சாவியை வைத்த இடத்தை மறக்கிறோம், அந்தப் பட்டப்பெயரை மட்டும் ஒருத்தரும் மறக்கவில்லை. எனக்குக் கோபம் இல்லை என்று எழுதி, அழித்துவிட்டேன். கோபம்தான்.

அவனுக்குப் போன் போட்டு, என்னால் முடியாது, பெயரை எடு என்றேன். "ரெண்டே வார்த்தைதான மா, அதுவும் அப்பாவப் பத்தி. நைனா மாதிரி ஆளு யாரு கீறாங்க இப்ப? நம்ம அப்பனுங்கள்ல கடைசி ஆளு அவருதான்" என்றான். அவன் சொன்னது சரிதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டுப் பெயரை எடுத்துவிடுங்கள்.

நான் ஊமை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் லாரிக்காரரோடு மல்லுக்கு நிற்கிற ஆள் நான்தான். நாலு பேர் சுற்றி நின்றால் என் வாய்க்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. ஆனால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு முன்னால் ஒரு மைக்கை நட்டு வைத்தால் தீர்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். இது எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் மேடையில் நடந்ததை மட்டும் பார்த்தீர்கள். அதற்கு முந்தைய இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

அப்போது ஏழாம் வகுப்பு. ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பிளாக்குகள், காலையில் ஒரு சங்கு, மத்தியானம் ஒரு சங்கு, சங்கு ஊதிய கால் மணியில் தெரு நிறையச் சைக்கிள். அப்பாவின் சட்டையில் எண்ணெயும் இரும்பும் கலந்த ஒரு வாசம் வரும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. உங்கள் அப்பாக்கள் எல்லாம் சாமான் செய்கிறவர்கள். என் அப்பா அதைச் சோதிக்கிறவர். அளவில் ஒரு மயிரிழை பிசகினாலும் அதன் தலையில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வாங்கிய சாமான் திரும்பி வராது, கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். புதிதாக இன்னொரு இரும்பை எடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டும்.

"நடுவுல ஒட்டு வச்ச சாமான எப்படி அனுப்ப முடியும்? பட்டாளத்துக்காரன் உசுருல்லா அதுல இருக்கு" என்பார். அவர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தும் அந்தப் பேச்சு போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் ஷெட்டில் இயந்திரச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. ஆகவே கையால் பேசிக்கொள்வார்கள். உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. கட்டை விரலைக் கவிழ்த்தால் கழிவு. ஆள்காட்டி விரலை நீட்டி வட்டம் போட்டால் முதலிலிருந்து ஓட்டு. உங்கள் அப்பாக்களும் வீட்டில் இப்படிச் செய்திருப்பார்கள். சோறு போதும் என்பதற்கு என் அப்பா உள்ளங்கையை விரிப்பார், வாயைத் திறக்க மாட்டார்.

பொங்கல் கழிந்து சுற்றறிக்கை வந்தது. பாதுகாப்பு வாரத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, தலைப்பு 'தொழிலகப் பாதுகாப்பும் குடும்பமும்'. அப்பா என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்தார். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அவரே பேச்சை எழுதினார். சோதனைச் சாலையில் வீணாய்ப்போன பழுப்பு அட்டைகளின் முதுகில், குண்டு குண்டாக, முப்பத்திரண்டு வரி. முதல் வரி இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன்: 'மதிப்பிற்குரிய பொது மேலாளர் அவர்களே, நடுவர் பெருமக்களே, என் தந்தையோடு தோளோடு தோள் நின்று உழைக்கும் தொழிலாளத் தோழர்களே.'

மைக்குக்குப் பழக வேண்டும் என்று அவரே ஒரு மைக் செய்தார். ஒட்டடைக் கம்பை ஒரு மண் தொட்டியில் நட்டு, அதன் நுனியில் அம்மாவின் டீ வடிகட்டியைக் கம்பியால் கட்டினார். வாய்க்கு நாலு விரற்கடை தூரத்தில் அது நிற்கும். காய்ந்த டீத்தூள் வாசம் மூக்கில் ஏறும். முதல் நாள் எனக்கு ஒரே சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். அந்த ஒரு நாள்தான்.

விதி இதுதான். எட்டாவது வரியில் தடுக்கினால் எட்டாவது வரியிலிருந்து தொடங்கக் கூடாது. ஒன்றிலிருந்து வர வேண்டும். ஒரு சொல் முன்னே பின்னே போனாலும் ஒன்றிலிருந்து. தும்மினாலும் ஒன்றிலிருந்து. அவர் திட்டியதே இல்லை, அடித்ததே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். பிசகிய நொடியில் கண் திறக்கும், ஆள்காட்டி விரல் ஒரு வட்டம் போடும்.

"மொதல்ல இருந்து வா, ட்டி."

நாள்தோறும் அவர் ஷிப்ட் முடிந்து வந்ததிலிருந்து அம்மா டீ போடுகிற வரைக்கும். டீக்கு வடிகட்டி வேண்டும் என்பதால் அப்போது விட்டே ஆக வேண்டும். அம்மா இதைப் புரிந்துகொண்டு நாளுக்கு நாள் டீயைச் சீக்கிரமாகப் போட ஆரம்பித்தாள். "பிள்ளைக்குத் தொண்ட கட்டிட்டு, வடிகட்டியத் தாங்க" என்று கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள். டீக்கு அவ்வளவு அவசரம் எங்கள் வீட்டில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

இப்படி இரண்டு மாதம். கணக்குப் பார்த்தால் முதல் வரியை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கடைசி வரியைப் பத்துத் தடவை சொல்லியிருந்தால் அதிகம். பேச்சில் எந்திரப் பட்டையில் துணி சிக்குவது பற்றி வரும், தலைக்கவசம் பற்றி வரும், கை இழந்த ஒருவர் பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியாமல் அழுவது பற்றி வரும். முதல் வாரம் அந்த இடத்தில் எனக்கே அழுகை வந்தது. அப்புறம் அது ஒன்றும் காதில் விழவில்லை. நான் பேசிக்கொண்டிருப்பேன், எனக்குள் இன்னொருத்தி உட்கார்ந்து, இதோ தடுக்கப் போகிறாய், இதோ, இதோ, என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கையிலும் சிவப்புப் பெயின்ட் இருந்தது.

ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அம்மாவிடம் அழுதேன். அவள்தான் சொன்னாள்.

"அப்பா மேல கோவப்படாத ட்டி. அவுகளும் ஒரு நாள் மேடையில நின்னாவ. கூட வேல பாத்த பெரியவரு ஒருத்தரு ரிட்டயர் ஆனாருல்லா, அந்தக் கூட்டத்துல. மாலையக் கையில வச்சிக்கிட்டு நின்னவுக நின்னவுகதான். ஒரு வார்த்த வரல. எல்லாரும் சிரிச்சிட்டாவ. அன்னைக்கு வந்து சாப்பிடாமப் படுத்தாவ. எனக்கு வந்த கேடு எம் பிள்ளைக்கு வரக்கூடாதுன்னு சொல்லுதாவ."

அதைக் கேட்டதிலிருந்து இன்னும் மோசமாயிற்று. அதுவரை நான் எனக்காக மட்டும் பயந்தேன். அதன் பிறகு அவருடைய மாலையையும் நான் சுமந்தேன்.

போட்டி அன்று சமுதாயக் கூடத்தில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஜன்னல் கம்பியில் தொங்கியவர்கள் யார் யார் என்றுகூட என்னால் சொல்ல முடியும். எனக்கு முன்னால் பேசியவன் பாதியில் மறந்துவிட்டு, "அவ்ளோதான் சார், நன்றி" என்று இறங்கி ஓடினான். அவனுக்கும் கை தட்டினீர்கள். நம் அட்மின்தான் அது. இன்றைக்கு மைக்கைக் கொடுத்தால் பிடுங்க ஆள் வைக்க வேண்டும் அவனுக்கு.

நான் ஏறினேன். நிஜ மைக்கில் டீ வாசம் இல்லை, துருவும் யாருடையவோ எச்சிலும் கலந்த வாசம் அடித்தது. அப்பா இரண்டாவது வரிசையில், வெள்ளைச் சட்டையில், இந்த ஒரு தடவை கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உதடுகளும் என் கூடவே அசைந்தன. முதல் வரி வழுக்கிக்கொண்டு வந்தது. பத்து வரி, பதினோரு வரி போய்விட்டது. மைக் எனக்கு உயரமாக இருந்ததால் மைக் செட்காரர் பூனை நடையாக மேடை ஏறி வந்தார். நல்ல மனுஷர். திருகை அவிழ்த்தபடி காதருகே சொன்னார்:

"நீ பேசிக்கினே இரும்மா, நா கொஞ்சம் எறக்கி வுட்டுடறேன்."

நான் நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான். பன்னிரண்டாவது வரி பாதியில் நின்றது. மீதி என்ன என்று எனக்குத் தெரியும். பட்டையில் துணி சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொந்த வார்த்தையில் சொல்ல ஏழு வயதுப் பிள்ளையால்கூட முடியும். ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு நடுவில் பிடித்து ஏற ஓர் இடம் இல்லை. நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா ஆள்காட்டி விரலை நீட்டி ஒரு வட்டம் போட்டார்.

நான் முதலிலிருந்து தொடங்கினேன். 'மதிப்பிற்குரிய பொது மேலாளர் அவர்களே.' கூட்டத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அதே பன்னிரண்டாவது வரி வந்தது. இந்தத் தடவை மைக் செட்காரர் இல்லை, ஒரு தடையும் இல்லை. ஆனாலும் அங்கேயே நின்றேன். அப்பா மறுபடியும் வட்டம் போட்டார். 'மதிப்பிற்குரிய.' இப்போது கூடமே சிரித்தது. பொது மேலாளர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நடுவராக வந்திருந்த ஓர் அதிகாரியின் மனைவி முன்னால் குனிந்து, "பரவாயில்லம்மா, தெரிஞ்சத நடுவுல இருந்து சொல்லு" என்றார். அந்த அம்மாளின் குரல் இன்றும் நினைவிருக்கிறது. அன்று எனக்குக் கையைக் கொடுத்த ஒரே ஆள் அவர்தான், நான் அவரைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் விரலைத்தான் பார்த்தேன். மூன்றாவது வட்டம் வந்தது. நான் 'மதிப்பிற்குரிய' என்றேன். மணி அடித்துவிட்டது.

மறுநாள் பால் பூத் வாசலில் எதிர் பிளாக்கான் கேட்டான்: "இன்னா மதிப்பிற்குரிய, எங்க போய்க்கினு கீற?" அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. நீங்கள் விளையாட்டாகக் கூப்பிட்டீர்கள். தப்பில்லை, பிள்ளைகள். ஆனால் அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான் பன்னிரண்டாவது வரியில் போய் நின்றேன்.

போட்டி முடிந்து அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், நான் பின்னால் நடந்தேன். படியேறும்போது சொன்னார்: "ஒரு எடத்துலதான் ட்டி போச்சு. இன்னும் ரெண்டு வாட்டி மொதல்ல இருந்து பாத்திருக்கணும். அடுத்த வருசம் பாப்போம்." அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் பட்டது. தான் செய்தது பிசகு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் சாயங்காலம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா வடிகட்டி தொலைந்துவிட்டது என்றாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் டீயைத் துணியில்தான் வடித்தார்கள். அந்த வடிகட்டி எங்கே போயிற்று என்று அம்மா கடைசி வரை சொல்லவில்லை. அடுத்த வருஷம் பாதுகாப்பு வாரத்தில் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. அதற்கடுத்த வருஷமும் வந்தது. அப்பா அத்தோடு விட்டுவிட்டார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் பின்கட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை பதவி உயர்வு வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதில் மாதம் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். 'எல்லாரும் அவங்கவங்க பேரைச் சொல்லுங்க' என்கிற கூட்டத்தில்கூட என் முறை வர எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன், பக்கத்தில் இருப்பவர் பெயர் காதில் விழாது. என் மகள் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். பந்தியைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவினேன். பூந்தமல்லியில் ஒரு மனநல மருத்துவரிடமும் போனேன். பொறுமையாகச் சொன்னார். கூட்டம் உங்களை அவ்வளவு கவனிப்பதில்லை, நீங்கள்தான் உங்களைக் கவனிக்கிறீர்கள். தப்பினால் எல்லாம் போச்சு என்று சின்ன வயதில் மனசு படித்துவிட்டது. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். சின்னக் கூட்டத்தில் ஆரம்பித்துப் பழகுங்கள் என்றார். எல்லாம் புரிந்தது. புரிந்ததைத் தொண்டைக்கு யார் போய்ச் சொல்வது?

போன வருஷம் அப்பாவுக்கு வாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. எண்பத்தெட்டு வயது. ஒரு மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். டீவியில் எவனோ மேடையில் பேசிக்கொண்டிருந்தான். அப்பா அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். வாயைக் கோணிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அன்னைக்கி... நா கைய..."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நாற்பத்தெட்டு வருஷமாக அவர் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சொல்லுங்கப்பா."

"அன்னைக்கி நா கைய... கைய..." அடுத்த சொல் குழறியது. அவர் கண்ணை மூடினார். விழாத இடது கை மெல்ல எழுந்தது. ஆள்காட்டி விரல் ஒரு வட்டம் போட்டது, அவருக்கே. "அன்னைக்கி..." என்று முதலிலிருந்து தொடங்கினார்.

எத்தனை தடவை என்று தெரியாது. 'கைய' என்கிற இடத்துக்கு வருவார், அடுத்த சொல் குழறும், விரல் சுற்றும், மறுபடி 'அன்னைக்கி'. வியர்த்துவிட்டது அவருக்கு. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நடுவுல இருந்து சொல்லுங்கப்பா, பரவாயில்ல, குழறுனாலும் பரவாயில்ல, எனக்குப் புரியும்" என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, என் பிடியிலிருந்து விரலை உருவி வட்டம் போட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். தினமும் முயற்சி செய்தார். கடைசி இரண்டு நாள் 'அன்னைக்கி' மட்டும்தான் வந்தது. கையைக் காட்டியது தப்பு என்று சொல்ல வந்தாரா, கையை இன்னும் சரியாகக் காட்டியிருக்க வேண்டும் என்று சொல்ல வந்தாரா, எனக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியத்தின் மீதிதான். அது இனிமேல் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்காக நானும் முயன்று பார்க்காமல் இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, 'என் அப்பா ஒரு தப்பும் பொறுக்காதவர்' என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் தடுக்கியது. மேலே போகலாம், கேட்க யாருமில்லை, குழாய் மட்டும்தான். என் விரல் தானாக எழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே நான் பேச மாட்டேன். வருவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், என் பெயரைக் கூப்பிடாதீர்கள். அப்பாவுக்காக ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் உங்களில் யாராவது இதை எடுத்து வாசியுங்கள். எதிர் பிளாக்கானே வாசிக்கட்டும், அவனுக்குத்தான் கூச்சமே கிடையாது. வாசிக்கும்போது எங்காவது தடுக்கினால் தடுக்கிய இடத்திலிருந்தே மேலே போகச் சொல்லுங்கள். திரும்ப முதலிலிருந்து மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். நான் அங்கே உட்கார்ந்திருப்பேன்.